சுட்டுக் கொல்லப்பட்ட அடிமைக்கு இழப்பீடு கிடைக்குமா?

கேள்வி: நான் சட்டக் கல்லூரி மாணவன். மாதிரி நீதிமன்றப் போட்டியில் எனக்கு வாய்த்த கட்சிக்காரர், அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1831-இல் வாழ்ந்த அடிமை முதலாளி. நாட் டர்னர் என்ற அடிமையின் தலைமையில் அடிமைகள் நடத்திய கலகத்தை அடக்க வந்த படையினர் அவருடைய அடிமையை விசாரணையின்றிச் சுட்டுக் கொன்றுவிட்டனர். 'அரசு அழித்த சொத்துக்கு அரசே ஈடு தர வேண்டும்' என்று வாதிடலாமா?

பதில்: வாதிடலாம் தம்பி, ஆனால் தோற்பீர்கள். இப்படி ஒரு மனு உண்மையிலேயே தோற்றிருக்கிறது.

சவுத்தாம்ப்டன் மாவட்டத்தில் லெவி வாலர் என்பவரிடம் ஆல்ஃபிரட் என்ற கொல்லர் அடிமையாக இருந்தார். வாலரின் மனைவியும் பிள்ளைகளும் கலகத்தில் கொல்லப்பட்டவர்கள். அதன்பின் மிலிஷியா எனப்படும் உள்ளூர்ப் படையிடம் சிக்கிய ஆல்ஃபிரட்டைத் தப்பி ஓட முடியாதபடி முடமாக்கிப் போட்டுவிட்டுப் போனார்கள். பின்னால் வந்த கிரீன்ஸ்வில் குதிரைப்படை அவரைச் சுட்டுக் கொன்றது. வாலர் இழப்பீடு கேட்டுச் சட்டமன்றத்தில் மனுப் போட்டார். ஒரு காசும் கிடைக்கவில்லை.

அடிமைக்கு அரசு விலை கொடுப்பது அங்கே வழக்கத்தில் இல்லாததல்ல. அடிமைக்கு மரண தண்டனை நிறைவேற்றினால் முதலாளிக்குப் பொதுப் பணத்திலிருந்து விலை தர வேண்டும் என்பது 1705-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உண்டு. தாராள மனம் என்று நினைத்துவிடாதீர்கள். நஷ்டத்துக்குப் பயந்து முதலாளி குற்றவாளியை ஒளித்துவைத்துவிடக் கூடாதே என்ற கணக்கு அது. விலையைக் குறிப்பதும் தண்டனை விதிக்கும் நீதிமன்றம்தான். 1831 நவம்பர் 5 அன்று ஜெருசலேம் என்ற சிற்றூரில் நாட் டர்னருக்குத் தூக்குத் தண்டனை விதித்த நீதிமன்றம், அதோடு சேர்த்தே அவருடைய விலை 375 டாலர் என்றும் எழுதிவைத்தது. சட்டப்படி அவருக்கு உரிமையாளனான சிறுவன் புட்னம் மூர் கலகத்திலேயே கொல்லப்பட்டுவிட்டதால், அந்தத் தொகை அவனுடைய சொத்துக் கணக்குக்குரியதாயிற்று.

உங்கள் கட்சிக்காரரிடம் தீர்ப்பும் இல்லை, விலைக் குறிப்பும் இல்லை. 1705 சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் முதல் கேள்வியிலேயே விழுவீர்கள்.

உங்களுக்கு இருக்கும் ஒரே பிடி, சாகும்போது அந்த மனிதர் படையினரின் பிடியில் இருந்தாரா என்பது. சண்டையில் விழுந்தவர் என்று எதிர்த்தரப்பு சொல்லும். பிடிபட்டு, கையில் ஆயுதமின்றிக் கிடந்தவர் என்று நிரூபித்தால், விசாரணை நடத்தாதது அரசின் தவறு என்று வாதத்தைத் திருப்பலாம். ஆனால் அங்கேதான் சிக்கல். விசாரணை நடந்திருந்தாலும் விடுதலையானவருக்கு இழப்பீடு இல்லையே! ஆகவே, 'அவர் நிச்சயம் தூக்கில் தொங்கியிருப்பார்' என்று அவருடைய முதலாளியின் வழக்கறிஞரான நீங்களே மன்றாட வேண்டியிருக்கும்.

ஆல்ஃபிரட்டைக் குறிப்பிடும் தகவல் பலகை ஒன்றை அந்தப் பகுதிச் சாலைச் சந்திப்பில் இன்று வர்ஜீனியா அரசே வைத்திருக்கிறது. கலகக் கொலைகள் எதிலும் அவர் பெயர் அடிபடவில்லை என்கிறது அது. வாலர் மனுவை மேற்கோள் காட்டுவதாக இருந்தால், 'கொலையில் பெயரே அடிபடாதவர் எப்படி நிச்சயம் தூக்கில் தொங்கியிருப்பார்?' என்று நீதிபதி கேட்பார் என்று எதிர்பார்த்துப் போங்கள்.