மிரர் லென்ஸில் புற ஊதாப் படம் எடுக்கலாமா? கேள்வி பதில்

கேள்வி: சார், என்னிடம் 500 மி.மீ. எஃப்/8 மிரர் லென்ஸ் இருக்கிறது. ஆடிதானே ஒளியைக் குவிக்கிறது, புற ஊதாவுக்கு அதுவே போதாதா?

பதில்: பெயர்தான் மிரர் லென்ஸ், உள்ளே கண்ணாடி வில்லைகளும் இருக்கும். முன்னால், ஆடியின் பிம்பப் பிழையைச் சரிசெய்ய ஒரு திருத்து வில்லை, பின்னால் சின்னச் சின்ன வில்லைகள். சில மாடல்களில் ஆடியே மாங்கின் வகை. பூச்சு கண்ணாடியின் முதுகில் இருப்பதால் ஒளி உள்ளே போய்த் திரும்பவும் அதே கண்ணாடி வழியாக வெளியே வர வேண்டும். கிரௌன் என்ற சாதாரண லென்ஸ் கண்ணாடி 350 நானோமீட்டர் அலைநீளம் வரை நன்றாகவே விடும் (எண் குறையக் குறைய ஆழமான புற ஊதா). ஒளியை அதிகம் வளைக்கும் அடர்ந்த ஃபிளிண்ட் கண்ணாடி வகைகள் பலவும் 380 பக்கத்திலேயே கதவைச் சாத்திவிடும். சென்சார் முன்னுள்ள ஃபில்டரை எடுத்துவிட்ட கேமரா என்றால் 365இல் சோதித்துப் பாருங்கள், படம் விழ வாய்ப்பு உண்டு. 320ஐ எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: பழைய ஆடிக்கு மறுபூச்சு போட வேண்டும். வெள்ளி பூசலாமா அண்ணா?

பதில்: வேண்டவே வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வெள்ளிக்கு நிகரில்லை. ஆனால் 400க்குக் கீழே சரிந்து, 320ஐ ஒட்டி அதன் பிரதிபலிப்பு ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். அலுமினியம் 250 வரைக்கும் 90 சதவீதத்தை ஒட்டி நிற்கும். ஹபிள் தொலைநோக்கியின் ஆடியிலும் 65 நானோமீட்டர் அலுமினியம்தான், அதன்மேல் 25 நானோமீட்டர் மெக்னீசியம் ஃபுளோரைடு. பூச்சு போடுபவரிடம் மேலடுக்கு என்ன என்று கட்டாயம் கேளுங்கள். சிலிக்கான் மோனாக்சைடு என்றால் அது புற ஊதாவை விழுங்கும்.

கேள்வி: திருத்து வில்லைக்கு எந்தப் பொருள் நல்லது?

பதில்: உருக்கிய சிலிக்கா. 200 வரைக்கும் தாராளமாக விடும், சூட்டையும் தாங்கும். கால்சியம் ஃபுளோரைடு 130 வரை போகும், ஆனால் மென்மையானது, எளிதில் கீறும், திடீர்ச் சூட்டில் விரிசல் விடும். நமக்கு அவ்வளவு ஆழம் தேவையில்லை. படிகக் குவார்ட்ஸ் வாங்கிவிடாதீர்கள், ஒரே கதிரை இரண்டாகப் பிரிக்கும் இரட்டை ஒளிவிலகலால் பிம்பம் பிளக்கும்.

கேள்வி: ஃபோகஸை மாற்ற வேண்டுமா?

பதில்: ஆடிகள் மட்டுமே என்றால் வேண்டாம், எல்லா நிறமும் ஒரே இடத்தில் குவியும். உங்களுடையதைப் போல வில்லைகளும் இருந்தால் கொஞ்சம் மாறலாம். ஃபில்டர் லென்ஸுக்குப் பின்னால் இருந்தாலும் மாறும், அதை மாட்டிய பிறகே ஃபோகஸ் செய்யுங்கள்.

கேள்வி: படம் பிரகாசமாகவே வருகிறது. அப்போ சரிதானே?

பதில்: அங்கேதான் எனக்குச் சந்தேகம். ஆடி அகச்சிவப்பையும் அப்படியே அனுப்பும், புற ஊதா ஃபில்டர்கள் பலவும் 700 நானோமீட்டர் பக்கம் கசியும். அதே எக்ஸ்போஷரில், புற ஊதாவைத் தடுக்கும் மஞ்சள் ஃபில்டர் ஒன்றையும் சேர்த்து மாட்டி இன்னொரு படம் எடுங்கள். அப்போதும் உருவம் தெரிந்தால், நீங்கள் எடுத்ததில் அகச்சிவப்பு கலந்திருக்கிறது.