ஜன்னல் கண்ணாடியில் பல மாதம் ஒட்டியிருந்த டேப்பின் பசை போகவே மாட்டேன் என்கிறது. கீறல் விழாமல் எடுக்க வழி உண்டா?

உண்டு. ஆனால் கம்பி நாரைக் கையில் எடுத்திருந்தால் முதலில் அதைக் கீழே வையுங்கள். நான் வாடகை வீட்டு அட்வான்ஸில் பணம் இழந்தது அதனால்தான்.

2016 டிசம்பர் 12, வர்தா புயல் சென்னையைக் கடந்த நாள். முந்தின இரவு வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி, வேளச்சேரி வாடகை வீட்டின் ஜன்னல்கள் எல்லாவற்றிலும் பெருக்கல் குறி போல பிரவுன் டேப் ஒட்டினேன். (டேப் ஒட்டினால் கண்ணாடி உடையாது என்பதெல்லாம் சும்மா. உடைகிற கண்ணாடி உடையத்தான் செய்யும். துண்டுகள் பெரிதாக விழும், அவ்வளவுதான்.) அப்புறம் கரன்ட் இல்லை, தண்ணீர் இல்லை, தெருவெல்லாம் மரம். டேப் மறந்தே போனது. ஏப்ரலில் வீடு காலி செய்யும்போது உரித்தால், மேலே இருந்த பிளாஸ்டிக் சருகு சருகாக உதிர்ந்தது. பசை மட்டும் பழுப்பாக அப்படியே நின்றது. அவசரத்தில் கம்பி நாரால் தேய்த்தேன். பசை இழுபட்டுப் பரவியது, கண்ணாடியில் மெல்லிய கோடுகள் விழுந்தன.

பிறகு அம்மா சொன்னது தேங்காய் எண்ணெய். இந்தப் பசை தண்ணீருக்கு அசையாது, எண்ணெயில் ஊறினால் இளகும். நிற்கிற கண்ணாடியில் எண்ணெய் வழிந்துவிடும் என்பதால், டிஷ்யூ பேப்பரை எண்ணெயில் நனைத்துப் பசைமேல் ஒட்டிவிட்டு அரைமணி நேரம் அந்தப் பக்கமே போகாதீர்கள். திரும்பி வந்து கட்டைவிரலால் தள்ளினால், ரப்பரால் அழித்த தூள் மாதிரி உருண்டு உருண்டு வரும். வராத இடத்தில் மறுபடி ஊற வையுங்கள்.

கிழக்கு ஜன்னல் இப்படியே சுத்தமானது. மேற்கு ஜன்னல் மசியவில்லை. நான்கு மாத வெயிலில் பசை இறுகிப்போயிருந்தது. அதற்கு அசிட்டோன் உள்ள நெயில் பாலிஷ் ரிமூவர்தான் கைகொடுத்தது. சீக்கிரம் ஆவியாகிவிடும், அதனால் பஞ்சில் தொட்டு உள்ளங்கை அகலம் மட்டும் ஒரு தடவைக்கு. எளிதில் தீப்பிடிக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்போ விளக்கோ வேண்டாம். கீழே பழந்துணி வைக்க மறந்தேன், சொட்டிய இடத்தில் மரச்சட்டத்தின் பச்சை பெயிண்டும் கூடவே வந்துவிட்டது.

மிச்சத்துக்குப் புது பிளேடு. சோப்புத் தண்ணீரால் நன்றாக நனைத்து, பிளேடைக் கண்ணாடியோடு படுத்தாற்போல் சாய்த்து, ஒரே திசையில் தள்ள வேண்டும். காய்ந்த கண்ணாடியில் கூடவே கூடாது. டஃபண்டு கண்ணாடி (சூடாக்கி உறுதியாக்கியது), சன் ஃபிலிம் ஒட்டியது, காரின் பின்கண்ணாடியில் உள்பக்கம் கோடு கோடாக இருக்கிற இடம், இவற்றில் பிளேடையே மறந்துவிடுங்கள். முகம் பார்க்கும் கண்ணாடி என்றால் ஓரத்தில் எதுவும் கசியவிடாதீர்கள், ரசம் கறுத்துவிடும். கண்ணாடி மாதிரியே தெரியும் அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் அசிட்டோன் பட்டால் வெளுத்து வெடிப்பு விடும்.

கடைசியில் பாத்திரம் கழுவும் ஜெல் போட்டு எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, பழைய நியூஸ்பேப்பரால் துடைத்தால் சரி.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது டேப்பைத் தொடவே இல்லை. ஜன்னலை இறுகச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, உள்ளறையில் போய் உட்கார்ந்துகொண்டோம்.