பாக்டீரியாவைவிட வைரஸ் எவ்வளவு சிறியது?

கேள்வி: வைரஸ், பாக்டீரியா இரண்டுமே கண்ணுக்குத் தெரியாதவைதாமே? வைரஸ்தான் மிகச் சிறியது என்று ஏன் தனியாகச் சொல்கிறார்கள்?

பதில்: கண்ணுக்குத் தெரியாதவை என்றாலும் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் கிடைப்பது மைக்ரோமீட்டர். அதையும் ஆயிரமாகப் பகுத்தால் நானோமீட்டர். நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் நீளம் சுமார் 2,000 நானோமீட்டர். இன்ஃப்ளூயன்சா வைரஸின் விட்டமோ ஏறத்தாழ 100 நானோமீட்டர்தான். ஆகவே அந்த பாக்டீரியாவின் நீளத்துக்கு இருபது வைரஸ்களை வரிசையாக அடுக்கலாம். சுமார் 30 நானோமீட்டரே உள்ள போலியோ வைரஸ் என்றால் அறுபதுக்கும் மேல் அடுக்க வேண்டும். ஈஸ்ட், அமீபா போன்றவை பாக்டீரியாவைவிடவும் பெரியவை.

சாதாரண ஒளி நுண்ணோக்கியால் ஏறத்தாழ 200 நானோமீட்டருக்குக் குறைவான நுணுக்கங்களைப் பிரித்துக் காட்ட இயலாது என்பதால், 1892இல் ரஷ்ய அறிவியலாளர் இவனோவ்ஸ்கி, நோயுற்ற புகையிலை இலையின் சாறு பாக்டீரியாக்களைத் தடுக்கும் பீங்கான் வடிகட்டியைக் கடந்த பின்னும் நோயைப் பரப்புவதைக் கண்டாரேயொழிய, அந்நோய்க்கிருமியை அவரால் காண முடியவில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகு, 1939இல்தான் அந்தப் புகையிலை வைரஸின் உருவம் தெரிந்தது.

விதிவிலக்கும் உண்டு, இதில் சுவையான பகுதியே அதுதான். 1992இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில், குளிர்விப்புக் கோபுர நீரில் இருந்த அமீபாவுக்குள் கிடைத்த ஒன்று, ஒளி நுண்ணோக்கியிலேயே தெரிந்ததால் பாக்டீரியா என்றே கருதப்பட்டு, 2003இல்தான் வைரஸ் என அறியப்பட்டது. மிமிவைரஸ் எனப் பெயர் பெற்ற அது, அதன் மேற்பரப்பில் உள்ள இழைகளையும் சேர்த்தால் சுமார் 700 நானோமீட்டர் இருக்கும். மைக்கோபிளாஸ்மா இனத்தின் மிகச் சிறிய பாக்டீரியாக்களோ 200 முதல் 300 நானோமீட்டர் அகலமே உள்ளவை.