காலில் கட்டிய திருப்பாடல்

மேடம், வணக்கம்.

நான் தொழில்முறைக் கால்பந்து வீரன். வயது 27. நான்கு மாதம் முன்பு ஆட்டத்தின் நடுவே, யாரும் மோதாமலே, சட்டென்று திரும்பும்போது முழங்காலில் ‘டப்’ என்று ஒரு சத்தம். ஏ.சி.எல். என்கிற லிகமென்ட், அதாவது முழங்கால் எலும்புகளைப் பிணைக்கும் நார், முழுதாக அறுந்துவிட்டது. தொடையிலிருந்து தசைநாண் எடுத்து வைத்து ஆபரேஷன் செய்தார்கள்.

வலியைவிட மனிதர்கள்தான் எனக்குப் பிரச்சினை. முதல் வாரம் தினமும் பேசிய கோச், இப்போது என் மெசேஜுக்கு ஒரு கட்டைவிரல் படத்தோடு முடித்துக்கொள்கிறார். என் இடத்தில் இறங்கியிருக்கும் பையனுக்கு ஃப்ரீ கிக் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அவனும் கூப்பிடுவதில்லை. ஆலயத்தில் ஆளுக்கொரு விளக்கம். முழங்காலுக்குள் அந்த லிகமென்ட்கள் சிலுவை மாதிரி குறுக்கே போகிறதாம், அதனால் ஆண்டவர் அந்த இடத்தையே தேர்ந்தெடுத்தார் என்றார் ஒருவர். சிரித்துக்கொண்டே கேட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன். கோச் மட்டும் ஒரு தடவை வந்து பார்த்திருந்தால் இதெல்லாம் பெரிதாகத் தெரிந்திருக்காது.

நான் விசுவாசத்தில் குறை வைத்தவன் இல்லை. சிலுவை அடையாளம் வரையாமல் மைதானத்தில் கால் வைத்ததில்லை. ஞாயிறு ஆட்டம் இருந்தால் சனி மாலைத் திருப்பலிக்குப் போய்விடுவேன். இப்போதும் தினமும் செபமாலை. கால் கல்லில் மோதாதபடி தூதர்கள் தாங்குவார்கள் என்று 91-ஆம் திருப்பாடலில் வருகிறதே, அதை எழுதி முழங்கால் பிரேஸுக்குள் வைத்திருக்கிறேன். வலி சுத்தமாகப் போய்விட்டது. பிசியோ இன்னும் ஓடக்கூடாது என்கிறார், ஆனால் பத்து நாளாக ராத்திரியில் தனியாக மைதானத்துக்குப் போய் ஓடிப் பார்க்கிறேன், ஓட்டத்தில் சட்டென்று வெட்டித் திரும்பியும் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை, சும்மா ஒரு நம்பிக்கைக்காக. அதை விடுங்கள். ஒப்பந்தம் இந்த சீசனோடு முடிகிறது, கோச் அதைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. இவர்களை நான் எப்படி மன்னிப்பது? அவர்களுக்காகச் செபிக்க உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது.

•

அன்புத் தம்பி,

‘அதை விடுங்கள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் நான் விடப்போவதில்லை.

மற்றதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கோச் வந்து பார்த்திருக்க வேண்டும், அது அவர் தப்பு. அந்தப் பையன் என்ன சொல்லிக் கூப்பிடுவான்? உங்கள் லிகமென்ட்டை அவன் அறுக்கவில்லை. நீங்கள் கூப்பிடுங்கள். சிலுவை விளக்கம் சொன்னவர்மேல் எனக்கும் கோபம் வந்தது.

இப்போது ராத்திரி ஓட்டம். எடுத்து வைத்த தசைநாண் ஆரம்பத்தில் இரத்த ஓட்டம் இல்லாத ஒரு துண்டு. அது உள்ளே தளர்ந்து, புது இரத்தக் குழாய்கள் வளர்ந்து, லிகமென்டாக மாறப் பல மாதம் பிடிக்கும். வீக்கமும் வலியும் அதற்கு வெகு முன்பே போய்விடும். ஆட்டத்துக்குத் திரும்பக் குறைந்தது 9 மாதமாவது காத்திருக்கச் சொல்வது இதனால்தான். ஆக, வலி இல்லை என்பதை வைத்து நீங்கள் எதையும் முடிவு செய்ய முடியாது.

இதெல்லாம் உங்கள் பிசியோ முன்பே சொல்லியிருப்பார். தெரிந்தும் ஏன் ஓடினீர்கள்?

பிரேஸுக்குள் இருக்கும் வசனத்தை மத்தேயு நற்செய்தி 4-ஆம் அதிகாரத்தில் மறுபடி படித்துப் பாருங்கள். இயேசுவைக் கோவில் உச்சியில் நிறுத்தி, குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று இதே திருப்பாடலைக் காட்டியது சாத்தான். இயேசு குதிக்கவில்லை. கடவுளைச் சோதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். திருப்பாடலில் குற்றமில்லை தம்பி. நீங்கள் அதை வைத்துக்கொண்டு உச்சியிலிருந்து குதிக்கிறீர்கள், அதுவும் பத்து நாளாக.

இன்னொன்றையும் கவனித்தேன். கோச் பதில் சொல்லவில்லை என்பதைச் சுற்றிச் சுற்றி எழுதியிருக்கிறீர்கள். கடவுள் பதில் சொல்லவில்லை என்று ஒரு வரிகூட இல்லை. அவரும் கோச் மாதிரி விலகிவிட்டாரோ என்ற பயம் இருக்கிறது, கேட்கத் துணிவில்லை. வாய் கேட்காததை முழங்கால் போய்க் கேட்கிறது. வாயாலேயே கேட்டுவிடுங்களேன். ஏன் கைவிட்டீர் என்று சிலுவையிலேயே கேட்டிருக்கிறார் ஒருவர். செபத்தில் கோபம் வருகிறது என்றால் அந்தக் கோபத்தோடேயே உட்காருங்கள். அதுவும் செபம்தான்.

இயேசு சபையை நிறுவிய புனிதர் லொயோலா இஞ்ஞாசியார் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1521-இல் ஸ்பெயினின் பாம்ப்லோனாவில் நடந்த போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்தது, படுக்கையில் மனம் மாறினார் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். நடுவில் ஒன்று நடந்தது. எலும்பு கோணலாகச் சேர்ந்து துருத்திக்கொண்டு நின்றது. பூட்ஸ் போட்டால் அசிங்கமாக இருக்கும் என்று, உயிரோடு அதை அறுக்கச் சொன்னார். அவ்வளவு வேதனையைத் தாங்கியது வீண் பெருமைக்காக. அந்த அறுவை அவரை மாற்றவில்லை. பிறகு எழ முடியாமல், வேறு வழியில்லாமல் புத்தகத்தோடு கிடந்த வாரங்கள்தான் மாற்றின. கடைசிவரை நொண்டித்தான் நடந்தார்.

நாளைக் காலை பிசியோவிடம் பத்து நாளையும் சொல்லுங்கள், வெட்டித் திரும்பியதையும் சேர்த்து. திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி மைதானம் இல்லாமல் முடியாது என்றால் போங்கள், பெஞ்சில் உட்காருங்கள். இதைப் படித்ததும் பாவசங்கீர்த்தனத்துக்கு ஓட வேண்டும் என்று தோன்றும். சரி, அதுவும் நல்லதுதான். ஆனால் முதலில் பிசியோ. அப்புறம் சாமியார்.