மாடி இல்லாத வீட்டில் கீரை: எந்த எல்இடி, எவ்வளவு உயரம், எத்தனை மணி நேரம்?

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். மாடியை வீட்டுக்காரர் பூட்டி வைத்திருக்கிறார். சமையலறைக்குப் பக்கத்து அறையில் நாலடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் இரும்பு ராக் போட்டு, ஆன்லைனில் வாங்கிய ‘1000 வாட்’ ஊதா எல்இடி பல்பை இரண்டடி உயரத்தில் மாட்டினேன். கொத்தமல்லியும் வெந்தயமும் முளைத்தன. ஒரே வாரத்தில் நூல் மாதிரி நீண்டு படுத்துவிட்டன. வேறு விளக்கு வாங்க வேண்டுமா? எவ்வளவு உயரத்தில் மாட்டுவது, எத்தனை மணி நேரம் எரிய விடுவது? கரன்ட் பில் எகிறுமா? இலவம்பாடி முள்ளுக் கத்தரியையும் இப்படி வளர்க்க ஆசை. முடியுமா?

பதில்: வெயிலுக்குப் பேர்போன வேலூரில் வெளிச்சத்தைக் காசு கொடுத்து வாங்குவதா என்று வீட்டில் யாராவது கேட்டிருப்பார்கள். கேட்கட்டும். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் என்றால், தெருவில் எத்தனை வெயில் அடித்தாலும் உள்ளே இருக்கிற செடிக்கு அதனால் பயனில்லை. ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு இருக்கும். அதே நேரத்தில் வீட்டின் நடு அறையில் சில நூறு லக்ஸ் இருந்தாலே அதிகம். நம் கண் இரண்டுக்கும் சட்டென்று பழகிக்கொள்வதால் அந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. செடிக்கு உறைக்கும்.

நாற்று நூலாக நீண்டதற்கு அதுதான் காரணம். வெளிச்சம் போதாத இடத்தில் முளைத்த விதை, தன்னிடம் இருக்கிற சேமிப்பையெல்லாம் தண்டை நீட்டுவதிலேயே செலவழித்துவிடும். அப்படி நீண்ட கொத்தமல்லி அப்புறம் தேறாது. பிடுங்கிவிட்டு மறுபடி விதைப்பதுதான் வழி. விதைப்பதற்கு முன்னால் விளக்கைச் சரிசெய்துவிடுங்கள். புதிதாக வாங்குவதற்கும் முன்னால், இருக்கிற விளக்கைக் கீழே இறக்கிப் பாருங்கள். எனக்கு வருகிற இந்த மாதிரிக் கேள்விகளில் பாதிக்கு மேல் விளக்கு மிக உயரத்தில் இருப்பதுதான் சிக்கலாக இருக்கிறது.

முதலில் அந்த 1000 வாட் கதையைப் பார்த்துவிடுவோம். துணி தேய்க்கிற இஸ்திரிப் பெட்டி 1000 வாட் இழுக்கும். ஹோல்டரில் மாட்டுகிற ஒரு பல்பு அவ்வளவு இழுத்தால் ஹோல்டர் உருகிவிடும். உள்ளே இருக்கிற குட்டி எல்இடிகளின் எண்ணிக்கையை, ஒவ்வொன்றும் தாங்கக்கூடிய உச்ச வாட்டால் பெருக்கிப் பெட்டியில் அச்சடித்துவிடுகிறார்கள். நிஜத்தில் எவ்வளவு இழுக்கிறது என்பதை நீங்களே வீட்டு மீட்டரில் பார்க்கலாம். ஃபிரிட்ஜ், வைஃபை பெட்டி உட்பட எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு இந்த பல்பை மட்டும் எரியவிடுங்கள். மின்வாரியத்தின் டிஜிட்டல் மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு விட்டு விட்டுச் சிமிட்டும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது மீட்டர் முகப்பிலேயே அச்சாகியிருக்கும். அது 3200 என்று இருந்தால், ஒரு சிமிட்டலுக்கும் அடுத்ததற்கும் இடையே ஆகும் விநாடியால் 1125-ஐ வகுங்கள், வருவதுதான் வாட். 1600 என்றால் 2250-ஐ வகுக்க வேண்டும். நிஜமான 1000 வாட்டாக இருந்தால் 3200 மீட்டர் கிட்டத்தட்ட விநாடிக்கு ஒரு முறை சிமிட்டும். நாற்பது விநாடிக்கு ஒரு முறைதான் சிமிட்டுகிறது என்றால் உங்கள் பல்பு 28 வாட். அந்த அளவில்தான் வரும் என்று நினைக்கிறேன்.

அடுத்தது நிறம். சிவப்பு, நீல ஒளியை இலை நன்றாக எடுத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஊதா விளக்கு ஏமாற்று வேலை இல்லை. ஆனால் இலை பச்சையாகத் தெரிவதால் பச்சை ஒளி செடிக்கு வீண் என்று சொல்வது சரியில்லை. விழுகிற பச்சை ஒளியிலும் பெரும்பகுதியை இலை எடுத்துக்கொள்கிறது. சிவப்பும் நீலமும் மேல்தோலுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட, பச்சை இலையின் உள்ளடுக்கு வரை இறங்கி வேலை செய்கிறது. இதைவிட எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. ஊதா வெளிச்சத்தில் இலை மஞ்சளாவது தெரியாது, அடியில் அசுவினி மொய்ப்பது தெரியாது. தெரியும்போது பாதிச் செடி போயிருக்கும். அந்த அறையில் உட்கார்ந்து சாப்பிடவும் முடியாது.

அதனால் வீட்டுக்கு வெள்ளை எல்இடியே போதும் என்பது என் கட்சி. வெள்ளை எல்இடி என்பதே உள்ளுக்குள் ஒரு நீல எல்இடிதான். மேலே பூசிய பாஸ்பர் என்ற மஞ்சள் ஒளிர்பூச்சு, நீலத்தின் ஒரு பகுதியைப் பச்சை, மஞ்சள், சிவப்பாக மாற்றித் தருகிறது. (அந்த நீல எல்இடிக்காகத்தான் அகசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது.) கடையில் ‘கூல் டேலைட்’ என்று விற்கும் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண்) டியூபில் நீலம் கூடுதல், நாற்று குட்டையாக, தடிப்பாக வரும். 3000, 4000 கெல்வினில் சிவப்பு கூடுதல். பாதிக்குப் பாதி கலந்து மாட்டுங்கள். நிறத்தைப் பற்றி இதற்கு மேல் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியது அளவைப் பற்றி. செடிக்கு ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு ஒளி விழுந்தது என்பதுதான் கணக்கு. இதை ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு நாளைக்கு இத்தனை ‘மோல்’ என்று சொல்வார்கள். மோல் என்பது ஒளித்துகள்களை எண்ணும் அலகு. மணி பிளாண்ட்டுக்கு 2, 3 மோல் இருந்தால் ஓட்டிவிடும். மைக்ரோகிரீனுக்கு, அதாவது முளைத்துப் பத்து நாளில் வெட்டும் கீரைக்கு, 5 அல்லது 6. புதினா, கொத்தமல்லி, வெந்தயக்கீரை எல்லாம் 10 மோல் பக்கம் கேட்கும். தக்காளி, மிளகாய், கத்தரிக்கு 20-லிருந்து 30 வரை.

மோலை அளக்கும் கருவி விலை அதிகம். கீரைக்காக யாரும் வாங்க வேண்டாம். செல்போனில் இலவச லக்ஸ் மீட்டர் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். திரைக்கு மேலே, காதில் வைக்கும் ஸ்பீக்கர் பக்கத்தில் ஒளி உணரும் சென்சார் இருக்கும். இலை நுனி இருக்கும் உயரத்தில் போனைத் திரை மேலே பார்க்கும்படி வைத்து, நடுவில் ஒரு முறை, நான்கு மூலையிலும் ஒவ்வொரு முறை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சராசரி லக்ஸை விளக்கு எரியும் மணி நேரத்தால் பெருக்கி 20,000-ஆல் வகுத்தால், வெள்ளை எல்இடிக்கு மோல் கணக்கு ஏறக்குறைய வந்துவிடும். 10,000 லக்ஸ், 14 மணி நேரம் என்றால் 7 மோல். போன் துல்லியமான கருவி இல்லை. ஆனால் ‘நேற்றைவிட இன்று கூடியதா’ என்று ஒப்பிட அது தாராளமாகப் போதும். ஊதா விளக்கை மட்டும் இப்படி அளக்க முடியாது. லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு, அதனால் ஊதாவைக் குறைத்தே காட்டும்.

இப்போது உங்கள் ராக். நாலடிக்கு ஒன்றரை அடி என்றால் அரை சதுர மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். நாலடி எல்இடி டியூப், 20 வாட், 2000 லூமென் (விளக்கு வெளியிடும் மொத்த வெளிச்சம்), இது எந்த எலெக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். இரண்டு மாட்டினால் இலை மட்டத்தில் சுமார் 5000 லக்ஸ். மைக்ரோகிரீனையே இழுத்துப் பிடித்துத்தான் வளர்க்க வேண்டும். நான்கு டியூபை அடுத்தடுத்து மாட்டி, மூன்று பக்கமும் வெள்ளைத் தெர்மாகோல் அட்டை வைத்தால் 11,000, 12,000 வரை வரும். 14 மணி நேரத்தில் 8 மோல். வெந்தயக்கீரை, புதினா, கொத்தமல்லிக்கு முழுத் திருப்தி இல்லாவிட்டாலும் வெட்டிச் சமைக்கிற அளவுக்கு வரும். பட்ஜெட் இருந்தால், செடிக்கென்றே விற்கும் நல்ல வெள்ளை எல்இடி பலகை இதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஒளியை, இன்னும் குறைந்த மின்சாரத்தில் தரும். அதை வாங்கும்போது நிஜமாக இழுக்கும் வாட் எவ்வளவு, ஒரு ஜூல் மின்சாரத்துக்கு எத்தனை மைக்ரோமோல் (மோலில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஒளி தரும் என்று இரண்டே கேள்வி கேளுங்கள். இரண்டாவதற்குப் பதில் 2.5-க்கு மேல் என்றால் நல்ல சரக்கு. அந்த எண்ணே பெட்டியில் இல்லை, ‘1000 வாட்டுக்குச் சமம்’ என்று மட்டும் இருக்கிறதென்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

உயரத்துக்கு வருவோம். தனி பல்பு என்றால், தூரம் பாதியானால் வெளிச்சம் கிட்டத்தட்ட நான்கு மடங்காகும். நீங்கள் மாட்டியிருக்கும் இரண்டடியை ஓரடியாக்கினாலே அந்த ஊதா பல்பு வேறு மாதிரி வேலை செய்யும். ஆனால் ஓரடியில் அது நடுவில் இருக்கும் ஒரு தொட்டியைத்தான் பார்க்கும், ஓரத்துத் தொட்டிகள் மறுபடி நூல்தான். டியூபில் இந்தச் சிக்கல் குறைவு. வெளிச்சம் பரவலாக விழும். இலை நுனிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தைரியமாக மாட்டலாம். பலகை விளக்கு என்றால் ஓரடி முதல் ஒன்றரை அடி. விளக்கை ராக்கில் ஆணி அடித்து நிரந்தரமாக்கிவிடாதீர்கள். இரண்டு பக்கமும் மெல்லிய சங்கிலியில் எஸ் கொக்கி போட்டுத் தொங்கவிட்டால், செடி வளர வளர ஒவ்வொரு கண்ணியாக ஏற்றலாம். டியூபின் இரு முனையிலும் வெளிச்சம் குறைவாக இருக்கும், அதனால் வாரம் ஒரு முறை ஓரத்துத் தொட்டியை நடுவுக்கு மாற்றுங்கள்.

சரியான உயரம் எது என்பதைச் செடியே சொல்லும். இரண்டு கணுவுக்கு நடுவே இடைவெளி நீண்டால் இறக்குங்கள். மேல் இலை வெளுத்தாலோ, ஓரம் மேல்நோக்கிச் சுருண்டாலோ ஏற்றுங்கள். உள்ளங்கையை இலை உயரத்தில் ஒரு நிமிடம் நீட்டிப் பாருங்கள். சூடு தெரிந்தால் அது செடிக்கும் அதிகம்.

சூடு என்றதும் வேலூர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல ஒன்று இருக்கிறது. இந்தப் பொருள் பற்றி எழுதப்படுவதில் பெரும்பாலானது குளிர்நாட்டு வீட்டை மனதில் வைத்தது. அங்கே விளக்கின் சூடு வரம். இங்கே சித்திரை, வைகாசியில் அறைக்குள்ளேயே 35 டிகிரி ஓடும்போது, 80 வாட் விளக்கின் சூடும் சேர்ந்துகொள்ளும். கொத்தமல்லி 30 டிகிரிக்கு மேல் இலை விடுவதை நிறுத்திவிட்டுப் பூவுக்குப் போய்விடும். லெட்யூஸ் விதை அந்தச் சூட்டில் முளைக்கவே தயங்கும். அதனால் கோடையில் விளக்கைச் சாயங்காலம் 6 மணிக்குப் போட்டுக் காலை 8 மணிக்கு அணையுங்கள். செடிக்குப் பகலும் இரவும் இடம் மாறும், அவ்வளவுதான். பகலில் அந்த அறை இருட்டாக இருப்பது இதற்கு மட்டும் வசதி. சின்ன டேபிள் ஃபேன் ஒன்றை மெதுவாக ஓடவிட்டால் தண்டும் உறுதியாகும். கொத்தமல்லியைக் கார்த்திகை முதல் மாசி வரை வைத்துக்கொண்டு, கோடைக்குப் புதினாவும் வெந்தயக்கீரையும் போதும் என்பது என் யோசனை.

மணி நேரத்தைக் கூட்டினால் வெளிச்சக் குறையை ஈடுகட்டலாமே என்று தோன்றும். ஓரளவுக்குத்தான். 14 மணி நேரம் நல்ல நடு அளவு, 16-ஐத் தாண்ட வேண்டாம். கொத்தமல்லியும் பாலக்கும் பகல் நீண்டால் சீக்கிரம் பூத்துவிடும் இனம்; தக்காளி நாற்றை இருட்டே இல்லாமல் வைத்தால் இலை மஞ்சளாகும். கையால் போட்டு அணைப்பது நான்கு நாளைக்கு மேல் நடக்காது, பிளக் டைமர் வாங்கிவிடுங்கள். திருகு வட்டு உள்ள டைமர் விலை குறைவுதான், ஆனால் கரன்ட் போனால் அதுவும் நின்றுவிடும். இரண்டு மணி நேரம் கட் ஆனால் இரண்டு மணி நேரம் பின்தங்கியே ஓடும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் நம் ஊருக்குச் சரி.

பில் கணக்கு எளிது. 80 வாட், 14 மணி நேரம், ஒரு நாளைக்கு 1.12 யூனிட். இரண்டு மாத ரீடிங்கில் 67 யூனிட் கூடும். உங்கள் வீட்டு யூனிட் ஏற்கெனவே அடுத்த ஸ்லாப்பின் விளிம்பில் இருந்தால் இந்த 67 அதைத் தாண்டவைத்துவிடும், பழைய பில்லை எடுத்துப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். வெந்தயக்கீரைக் கட்டின் விலையோடு ஒப்பிட்டால் லாபம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தண்ணீரும் கரன்ட்டும் ஒரே ராக்கில் இருப்பதால், எக்ஸ்டென்ஷன் பெட்டி தரையிலோ தொட்டிக்குக் கீழேயோ இருக்கக் கூடாது. ஒயர் பிளக்குக்குள் நுழைவதற்கு முன் கொஞ்சம் கீழே தொங்கி மேலேறட்டும். ஒயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இரும்பு ராக் என்பதால் மின்கசிவு வந்தால் கரன்ட்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வீட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முள்ளுக் கத்தரி மட்டும் இந்த ராக்கில் காய்க்காது. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தக் கத்தரிக்கு நம் ஊர் வெயில்தான் சாப்பாடு. 8 மோலில் இலை விடும், காய் பிடிக்காது. நாற்று வரைக்கும் விளக்கில் தாராளமாக வளர்க்கலாம். நாலு இலை, ஐந்து இலையோடு 25 முதல் 30 நாள் நாற்று கையில் இருந்தால், வீட்டுக்காரரிடம் மாடிச் சாவி கேட்பதும் சுலபம். நேராகக் கொண்டுபோய் வெயிலில் வைத்துவிடாதீர்கள், விளக்கில் வளர்ந்த இலை ஒரே மதியத்தில் வெளுத்துக் கருகிவிடும். முதல் இரண்டு நாள் காலை வெயில் ஒரு மணி நேரம், அப்புறம் நாளுக்கு நாள் கூட்டி, பத்து நாளில் முழு வெயிலுக்குப் பழக்குங்கள். ஆடிப்பட்டத்துக்கு நடுவதாக இருந்தால் ஆனி பிறந்ததும் விதை விடலாம். விதை, ரகம் பற்றிய சந்தேகத்துக்கு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.