பழைய சின்தசைசர், கேம் கன்சோல் ஒலிகளைப் பதிவு செய்து சாம்பிள் கருவியாக மாற்றினால் அசல் போலவே ஒலிக்குமா?

சிலவற்றில் ஒலிக்கும். சிலவற்றில் எவ்வளவு சுத்தமாகப் பதிவு செய்தாலும் உயிர் போய்விடும். ஒரு நோட் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெட்டி எதையெல்லாம் மாற்றுகிறது என்பதைப் பொறுத்தது அது. சாம்பிள் என்பது பதிவாகி உறைந்துபோன ஒலிதான். அதனால் மாறிக்கொண்டே இருப்பவற்றைப் பதிவுக்குள் விடாமல், பிறகு சாம்ப்ளரில் (பதிவுகளைக் கீபோர்டில் வாசிக்க வைக்கும் மென்பொருள்) செய்துகொள்வது என் வழக்கம்.

1983-இல் வந்த நின்டென்டோ ஃபேமிகாமை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தமே ஐந்து சேனல்: இரண்டு பல்ஸ், ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல், தரம் குறைந்த சாம்பிளுக்கு ஒன்று. பல்ஸ் அலைக்கு (மேல், கீழ் என்று இரண்டே நிலைகளில் தாவும் அலை) 12.5, 25, 50, 75 சதவீதம் என்று நான்கே அகலங்கள், அதாவது ஒரு சுற்றில் மேல்நிலையில் இருக்கும் பங்கு. அதிலும் 25-ம் 75-ம் காதுக்கு ஒன்றுதான். ஆக, அலையைப் பிடிப்பது பெரிய வேலையே இல்லை. ஆனால் அதைக் கீபோர்டில் போட்டு இரண்டு கையாலும் வாசித்தால் ஏதோ ஒரு மலிவான ஆர்கன் மாதிரிதான் இருக்கும். அந்தக் காலத்தில் சேனல் போதாமல், ஒரு கார்டின் (சேர்ந்தொலிக்க வேண்டிய சுரக்கூட்டம்) மூன்று சுரங்களையும் ஒரே சேனலில் நொடிக்கு 60 முறை மாற்றி மாற்றி ஓட்டினார்கள். நோட்டின் நடுவிலேயே பல்ஸ் அகலத்தை மாற்றினார்கள். நாம் 'எட்டு பிட் ஒலி' என்று அடையாளம் காண்பதில் பாதி இந்தத் தந்திரங்கள்தான். எனவே கருவியை ஒரு நேரத்தில் ஒரு நோட் மட்டும் ஒலிக்கும்படி வையுங்கள், கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக வாசிக்கும் ஆர்பெஜியேட்டரை அந்த வேகத்தில் ஓட்டுங்கள். முக்கோண அலைச் சேனலுக்கு வால்யூம் கட்டுப்பாடே கிடையாது. மெதுவாக அழுத்தினாலும் அதே சத்தம் வர வேண்டும். இதை நிறைய பேர் கவனிப்பதில்லை.

நோட் நீள ஒலிக்கப் பதிவின் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப ஓட்டும் லூப்பில் ஒரு சிக்கல் உண்டு. பல்ஸ் அலையில் ஒரே ஒரு சுற்றை வெட்டி லூப் செய்தால் போதும் என்று தோன்றும். 48,000 ஹெர்ட்ஸ் பதிவில் 3,520 ஹெர்ட்ஸ் நோட்டின் ஒரு சுற்றுக்கு 13.64 சாம்பிள் (இங்கே பதிவின் ஒற்றை அளவீட்டுப் புள்ளி) வரும். முழு எண்ணாக்க அதை 14 ஆக்கினால் சுருதி கிட்டத்தட்ட கால் தொனி இறங்கிவிடும். பதினொரு சுற்றுகளைச் சேர்த்து எடுத்தால் சரியாக 150 சாம்பிள், பிசிறே இல்லை. அப்புறம், ஒரே பதிவை மேலே மேலே இழுக்காதீர்கள், மேல் ஸ்தாயியில் கரகரப்பு வரும். ஸ்தாயிக்கு இரண்டு மூன்று பதிவாவது இருக்கட்டும்.

1990-இல் வந்த சூப்பர் ஃபேமிகாம் வேறு ஜாதி. அதன் எட்டு சேனலும் சாம்பிள் வாசிப்பவைதான், அதுவும் 64 கிலோபைட் நினைவகத்துக்குள். சாம்பிளைச் சாம்பிளாகவே எடுப்பதால் இங்கே இழப்பு மிகக் குறைவு. ஆனால் அந்தச் சிப் சுருதியை மாற்றும்போது மேல் அதிர்வெண்களை மழுக்கிவிடும். கோப்பை மட்டும் உருவி இன்றைய சாம்ப்ளரில் போட்டால் அசலைவிடப் பளிச்சென்று இருக்கும். மழுங்கல்தான் வேண்டுமென்றால் கன்சோலின் வெளியீட்டிலிருந்தே பதிவு செய்யுங்கள், எக்கோவை அணைத்துவிட்டு.

சின்தசைசர்களில் ரோலண்ட் ஜூனோ-60-இன் கோரஸை (ஒலியைத் தடிமனாக்கும் எஃபெக்ட்) அணைத்துவிட்டுத்தான் பதிவு செய்வேன். அசலில் எல்லா நோட்டும் கலந்த பிறகு ஒரே கோரஸுக்குள் போகும். பதிவிலேயே சேர்த்துவிட்டால் கார்டில் ஒவ்வொரு நோட்டும் தனித்தனிக் கோரஸோடு வந்து குழம்பும். விப்ராட்டோவையும் (சுருதி நடுக்கம்) பதிவில் சேர்க்காதீர்கள்: பதிவைச் சுருதி ஏற்றினால் அதன் வேகமும் ஏறிவிடும். யமஹா டிஎக்ஸ்7-இல் பல ஒலிகள் விசையை அழுத்தும் அழுத்தம் கூடக் கூடச் சத்தம் மட்டுமல்ல, நிறமும் மாறுபவை. அவற்றுக்கு மூன்று நான்கு அழுத்தங்களில் தனித்தனியாகப் பதிவு தேவை. வால்யூமை மட்டும் ஏற்றி இறக்கினால் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

ஒலியின் அதிர்வெண்களை வடிகட்டும் ஃபில்டரை நோட்டுக்கு நடுவே திருகி விளையாடுகிற ஒலிகளுக்கு, சத்தியமாக, சாம்பிள் வேண்டாம், அசல் சிப்பைப் போலவே இயங்கும் எமுலேஷன் மென்பொருளே மேல். கமடோர் 64 கணினியின் சிட் என்ற ஒலிச் சிப் அதற்கு நல்ல உதாரணம்.

கருவியை மற்றவர்களுக்குக் கொடுப்பதாக இருந்தால் எஸ்எஃப்இசட் (SFZ) என்ற சாம்பிள் கருவிக் கோப்பு வடிவம் வசதி, சாதாரண உரைக் கோப்பிலேயே அமைப்புகள் எல்லாவற்றையும் எழுதிவிடலாம். ஆனால் கேமிலிருந்து உருவிய சாம்பிள்களுக்கு உரிமையாளர் இருக்கக்கூடும். சிப்பை நீங்களே இயக்கி எடுத்த பல்ஸ் அலைக்கு அந்தத் தொல்லை இல்லை.