ஸ்பானிஷில் இருப்பது தமிழில் இல்லையா?

அன்புள்ள ஐயா,

ஸ்பானிஷ் படித்து வருகிறேன். 'சப்ஜங்டிவ்' பாடாய்ப் படுத்துகிறது. நடப்பதைச் சொல்ல ஒரு வினைவடிவம், விருப்பத்தையும் சந்தேகத்தையும் சொல்ல வேறொன்று. தமிழில் அப்படி இல்லை. அப்படியானால் நிஜத்துக்கும் ஊகத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தமிழ் கவனிப்பதில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

'எடுத்துக்கொள்ளலாமா' என்று கேட்டிருக்கிறீர்களே, அந்த 'லாம்' இருக்கும்போது எப்படி எடுத்துக்கொள்வது? கட்டாயம், அனுமதி, ஊகம், விருப்பம் எல்லாம் எந்த மொழியிலும் உண்டு. எதற்குத் தனி வடிவம் என்பதில்தான் மொழிகள் பிரிகின்றன.

சப்ஜங்டிவுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருவது நம் வியங்கோள். ஸ்பானிஷின் 'விவா'வும் நம் 'வாழ்க'வும் ஒரே வேலையைச் செய்கின்றன. தன்மை, முன்னிலையில் வியங்கோள் நிலைக்காது என்றது தொல்காப்பியம். எல்லா இடத்திலும் வரும் என்றது நன்னூல். இன்று அது வாழ்த்திலும் வினாத்தாளின் 'விடை தருக'விலும் ஒதுங்கிவிட்டது.

ஆனால் 'வந்தாராம்' என்பதைப் பாருங்கள். நான் பார்க்கவில்லை, சொல்லக் கேட்டேன் என்பது ஓர் 'ஆம்'இல் அடங்கிவிடுகிறது. துருக்கி மொழியில் 'கெல்தி' என்றால் வந்தார். 'கெல்மிஷ்' என்றால் வந்தாராம், அல்லது வந்திருக்கிறார் போல. ஸ்பானிஷுக்கு இதற்குத் தனிச் சொற்கள் தேவை.

எனக்கு மிகவும் பிடித்தது 'வேண்டும்'. 'அவர் வீட்டில் இருக்க வேண்டும்' என்பது கட்டளையா, ஊகமா? இரண்டும்தான். எதிர்மறையாக்கினால் குட்டு உடைந்துவிடும். கட்டளை 'இருக்கக் கூடாது' ஆகும்; ஊகம் 'இருக்க மாட்டார்' ஆகும். ஆங்கில 'மஸ்ட்'டும் இப்படித்தான், ஊகத்தை மறுக்க 'கான்ட்' வருகிறது. கனடாவின் லில்லூவெட் மொழியில் கதை தலைகீழ். அங்கே கட்டளைக்கும் ஊகத்துக்கும் வேறு வேறு உருபுகள். ஆனால் 'இருக்கலாம்', 'இருந்தாக வேண்டும்' என்ற அழுத்த வேறுபாட்டைச் சூழலே தீர்மானிக்கிறது.

சரி, உங்கள் ஸ்பானிஷுக்கு வருவோம். 'அவர் வருவார் என்று நம்புகிறேன்' என்பதை மொழிபெயர்க்கும்போது கவனமாக இருங்கள். வருவார் என்பது உங்கள் கணிப்பு என்றால் 'க்ரேயோ கே வியேனே', சாதாரண வடிவம். வந்தால் நல்லது என்ற எதிர்பார்ப்பு என்றால் 'எஸ்பேரோ கே வேங்கா', சப்ஜங்டிவ். நம் 'நம்புகிறேன்' இரண்டுக்கும் பொருந்துவதால், தமிழில் யோசித்து எழுதுபவர்கள் இங்கேதான் அதிகம் தடுக்கி விழ வாய்ப்பு.